போர்மேனை நம்பலாமா? நம்ம கோவில் பிள்ளைக்காக ஒரு வார்த்தை



கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு, தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே நிதானமா படிங்க. ஆனா முழுசா படிங்க. பாதியைப் படிச்சிட்டுக் கருத்து எழுதுறோமே, அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

போன வாரம் நம்ம ஆலயப் புலனக் குழுவுல ஒரு செய்தி வந்துச்சி. நிறைய பேர் பார்த்திருப்பீங்க. "அந்தப் பட்டறைக்கு யாரும் போகாதீங்க. பிரேக் செய்ய 740 வெள்ளி வாங்கிட்டான். அந்தச் சாமான் இணையத்துல 95 வெள்ளிதான். கோவிலுக்கு வந்து நல்லவன் மாதிரி நடிக்கிறான்."

ஒரு மணி நேரத்துல நாற்பது பதிலுக்கு மேல வந்துடுச்சி. "எனக்கும் அவன் மேல சந்தேகம்தான்"னு ஒருத்தர். "நம்ம ஆளுங்களே நம்ம ஆளுங்களை ஏமாத்துவாங்க"ன்னு இன்னொருத்தர். மத்தவங்க கட்டைவிரலைப் போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. அதுல ஒரு கட்டைவிரல் என்னோடது. அதை முதல்லயே ஒத்துக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சி அன்னதானம் நடந்துச்சி. அந்தத் தம்பி வழக்கம்போல சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டுப் பந்திக்கு வந்தார். மூணு வருசமா அவர்தான் சாம்பார். அன்னைக்கு ரெண்டு பேர் இலைக்கு மேல கையை வச்சி மறைச்சாங்க. வேணாம்னு வாயைத் திறந்து சொல்லக்கூட இல்ல. அடுத்த வரிசையிலயும் ஒருத்தர் அப்படியே செய்தார். தம்பி ஒண்ணும் பேசல. வாளியை ஓரமா வச்சார், கையைக் கழுவினார், செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டார்.

நான் பாத்திரம் கழுவுற இடத்துல நின்னு இதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நம்ம கோவில்ல சாப்பிட வந்தவங்க யாரையும் இதுவரைக்கும் தடுத்தது இல்ல. பரிமாற வந்த கையைத் தடுத்ததை அன்னைக்குத்தான் பார்த்தேன். ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

நான் தொழிற்சாலையில மேற்பார்வையாளர் வேலை செய்றவன். அங்க ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனா, முதல்ல ஆப்பரேட்டரைத் திட்டக்கூடாதுன்னு எனக்குப் பழையவங்க சொல்லிக் கொடுத்திருக்காங்க. முதல்ல பாகத்தை எடுத்து மேசையில வை. அளந்து பாரு. மெஷினைப் பாரு. அப்புறம் ஆளைக் கூப்பிட்டுக் கேளு. 20 வயசுப் பையன்களுக்கு இதை வருசக்கணக்கா சொல்லிக் கொடுக்கிறேன். ஆனா புலனக் குழுவுல நானே பாகத்தைப் பார்க்காம ஆளைப் பிடிச்சிட்டேன்.

அதனால சனிக்கிழமை காலையில அந்தப் பட்டறைக்குப் போனேன்.

"தம்பி, அந்த அக்கா காடியில கழட்டின பழைய சாமான் இருக்கா?"ன்னு கேட்டேன். அவர் முகம் மாறிடுச்சி. ஒண்ணும் சொல்லாம பின்னால போய் ஒரு பெட்டியை எடுத்துட்டு வந்து என் முன்னால வச்சார்.

முன் சக்கர பிரேக் பேட் நாலு. புதுசுல ஒரு பேட் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தா மாத்திடணும். இதுல ரெண்டு பேட்ல ஒண்ணுமே மிச்சமில்ல, வெறும் இரும்புத் தகடு. அந்த இரும்பு டிஸ்க்கை உழுது வச்சிருக்கு, நகத்தை வச்சா நகம் பள்ளத்துல இறங்குது. டிஸ்க் எவ்வளவு தேயலாம்ங்கிற அளவை அதுலயே பொறிச்சிருப்பாங்க, இது அந்த அளவைத் தாண்டிடுச்சி. பின் சக்கரத்துல ஒரு வீல் பம்ப் ஒழுகி, பிரேக் ஷூ முழுக்க எண்ணெய். எண்ணெய் குடிச்ச ஷூவைத் துடைச்சிட்டுத் திரும்பப் போட முடியாது. மாத்தித்தான் ஆகணும்.

சரி, கணக்கைச் சொல்லுங்கன்னு கேட்டேன். முன் பேட் 130, டிஸ்க் ரெண்டும் 260, பின் ஷூ 90, வீல் பம்ப் 60, பிரேக் எண்ணெய் 40, கூலி 160. மொத்தம் 740. சாமான் எல்லாம் ஒரிஜினல், கடை ரசீதையும் காட்டினார். அந்த 95 வெள்ளி வெறும் முன் பேட் மட்டும்தான், அதுவும் ஒரிஜினல் இல்ல.

அப்ப தம்பி பக்கம் தப்பே இல்லையா? இருக்கு. நான் அவருக்கு வக்கீல் இல்ல. அக்காவுக்கு அவர் கொடுத்த ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதுல ஒரே வரி: "பிரேக், 740." அவ்வளவுதான். வேலைக்கு முன்னால விலை சொல்லல. பழைய சாமானைக் காட்டல. "ஏன் தம்பி சொல்லல?"ன்னு கேட்டேன். "அக்காதான் ஐயா, நம்ம கோவில் பிள்ளைதானே, நீயே பார்த்துச் செய்ப்பான்னு சாவியைக் கொடுத்துட்டுப் போனாங்க"ன்னார்.

அக்காவையும் போய்ப் பார்த்தேன். அவங்க பொய் சொல்லல. தனியா இருக்கிறவங்க, 740 வெள்ளி அவங்களுக்குப் பெரிய காசு. அதிர்ச்சியில மகன்கிட்ட சொல்ல, மகன் கைப்பேசியில விலையைத் தேடிப் பார்த்துட்டு "ஏமாந்துட்டீங்கம்மா"ன்னு சொல்லிட்டார். பிரேக் போட்டா ரெண்டு மாசமா கீச்சு கீச்சுன்னு சத்தம் வந்துச்சாம். மின்னல் எஃப்எம்மைச் சத்தமா வச்சிட்டு ஓட்டியிருக்காங்க. பேட் தேய்ஞ்சிடுச்சின்னு சொல்றதுக்காகவே பல பேட்ல ஒரு சின்னத் தகடு வச்சிருக்காங்க. அந்தத் தகடுதான் கீச்சுன்னு கத்தும். முதல் மாசமே போயிருந்தா முன்னால பேட் மட்டும் மாத்தியிருக்கலாம், டிஸ்க்குக்குச் செலவே வந்திருக்காது.

இதுல திருடன் யாரு? யாரும் இல்ல. கேட்க வேண்டியவங்க கேட்கல, சொல்ல வேண்டியவர் சொல்லல. ரெண்டு பேருக்கும் நடுவுல "நம்ம கோவில் ஆளு"ங்கிற ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை நம்பிக்கைன்னு நாம நினைச்சிக்கிறோம். என் கருத்துல அது நம்பிக்கை இல்ல, சோம்பல். கேள்வி கேட்கச் சோம்பல். அப்புறம் காசு போனதும் அதே சோம்பல்தான் சந்தேகமா மாறுது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கு, ஏன்னா நானே அடி வாங்கியிருக்கேன்.

பல வருசத்துக்கு முன்னால என் பழைய காடி சூடு ஏற ஆரம்பிச்சிது. அப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரு போர்மேன் நெத்தி நிறைய திருநீறு போட்டிருப்பார், பட்டறையில நுழைஞ்சதும் பெரிய சாமி படம், ஊதுபத்தி. பார்த்ததும் மனசு குளிர்ந்துடுச்சி. என்ன, ஏதுன்னு கேட்காம சாவியைக் கொடுத்தேன். "இஞ்சினைப் பிரிக்கணும்"னார். பிரிங்கன்னேன். 2,800 வெள்ளி. கடன் வாங்கிக் கட்டினேன். ஒரு மாசத்துல காடி மறுபடியும் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசல்ல புகையோட நின்னுடுச்சி. பின் சீட்டுல என் பிள்ளைங்க.

அப்புறம்தான் எங்க தாமான் பக்கம் இருந்த ஒரு சீன ஆப்பெக் பட்டறைக்குப் போனேன். அவர் இஞ்சினைத் தொடவே இல்ல. "எப்ப சூடு ஏறுது?"ன்னு மலாய்ல கேட்டார். நெரிசல்லன்னு சொன்னேன். "வேகமா போறப்ப?" போறப்ப இறங்கிடும்னேன். சிரிச்சார். வேகமா போனா காத்து தானா ரேடியேட்டர்ல அடிக்கும், நின்னா காத்தாடிதான் சுத்தணும். காத்தாடி மோட்டார் செத்துப் போயிருந்துச்சி. பொத்தோங் கடையில பழைய மோட்டார் 80 வெள்ளி. முடிஞ்சது வேலை.

எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தத் திருநீறு போர்மேனைக் கண்டபடி திட்டினேன். ஆப்பெக் கையைத் துடைச்சிக்கிட்டே சொன்ன பதில் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. "அவன் திருடனா, வேலை தெரியாதவனா, எனக்குத் தெரியாது. நீ ஏன் கேட்கல?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. யோசிச்சிப் பாருங்க. போர்மேனை நம்புறதுன்னா ரெண்டு விஷயத்தை நம்பணும். ஒண்ணு, அவர் நேர்மை. இன்னொண்ணு, அவர் திறமை. நேர்மையான ஆளுக்கு வேலை தெரியாம இருக்கலாம். வேலை தெரிஞ்சவர் நேர்மை இல்லாம இருக்கலாம். நெத்தியில இருக்கிற திருநீறு இந்த ரெண்டுல எதையும் நமக்குச் சொல்லாது. அவர் தமிழரா, சீனரா, மலாய்க்காரரா என்பதும் சொல்லாது. திருநீறு அவருக்கும் சாமிக்கும் நடுவுல உள்ளது, ரசீதுதான் அவருக்கும் நமக்கும் நடுவுல.

அப்ப எதைப் பார்த்து முடிவு பண்றது? இத்தனை வருசத்துல நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல, அவர் நம்மகிட்ட கேள்வி கேட்கிறாரான்னு பாருங்க. சத்தம் எப்ப வருது, காலையிலயா, மேடு ஏறும்போதா, பிரேக் போட்டாவான்னு கேட்கிறவர் வேலை தெரிஞ்சவர். காடியைப் பார்க்காமலே விலை சொல்றவர்கிட்ட கொஞ்சம் ஜாக்கிரதை.

ரெண்டாவது, வேலைக்கு முன்னால விலை கேளுங்க. எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. பிரிச்ச பிறகு வேற கோளாறு தெரிஞ்சா, தொடுறதுக்கு முன்னால போன் அடிக்கச் சொல்லுங்க. சாமான் ஒரிஜினலா, வேற கம்பெனியா, பழைய சாமானான்னு தெளிவா கேளுங்க. மூணுக்கும் மூணு விலை. மலிவானதைக் கேட்டு வாங்கிட்டு, அது சீக்கிரம் போச்சேன்னு அவரைக் குறை சொல்லக்கூடாது.

மூணாவது, கழட்டின சாமானை எடுத்து வைக்கச் சொல்லுங்க. சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிடுங்க. நமக்கு ஒண்ணும் புரியலன்னாலும் பரவாயில்ல. பெட்டியில இருக்கிற சாமான் பொய் சொல்லாது. தெரிஞ்ச இன்னொருத்தர்கிட்ட காட்டிக் கேட்கலாம்.

நாலாவது, "இப்ப வேணாம்"னு சொல்ற போர்மேனைக் கெட்டியா பிடிச்சிக்குங்க. அந்த ஆப்பெக் அடிக்கடி சொல்லுவார், "பெலும் ரோசாக், பாக்காய் டுலு." இன்னும் கெடல, ஓட்டுன்னு அர்த்தம். வர்ற காசை வேணாம்னு சொல்றவர், காசு கேட்கும்போது நம்பலாம். அவர் ஓய்வு எடுக்கிற வரைக்கும் நான் வேற இடம் போனதில்ல.

அஞ்சாவது, புது போர்மேன்கிட்ட சின்ன வேலையா கொடுத்துப் பாருங்க. இஞ்சின் எண்ணெய் மாத்துறது மாதிரி. சொன்ன எண்ணெயை ஊத்தினாரா, சொன்ன நேரத்துக்குக் கொடுத்தாரா, நட்டை எல்லாம் சரியா முறுக்கினாரா, பாருங்க. இஞ்சின், கியர் பாக்ஸ் மாதிரி பெரிய வேலைன்னா இன்னொரு பட்டறையிலயும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. வைத்தியத்துக்கே ரெண்டு டாக்டரைப் பார்க்கிறோம், அது அவமானமா?

ஆறாவது, நாமளும் கொஞ்சம் தெரிஞ்சிக்கணும். காடியோட வந்த கையேட்டைப் பெரும்பாலும் நாம பிரிச்சிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாத்தணும்னு எல்லாம் அதுல இருக்கு. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 2319ன்னு இருந்தா 2019-ஆம் வருசம் 23-ஆவது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். புது டயர்னு சொல்லிப் பழைய டயரை யாரும் மாட்ட முடியாது, இதைப் பார்க்கத் தெரிஞ்சா.

புதுக் காடி வாங்கினா நேரா கோவிலுக்குத்தான் கொண்டு வர்றோம். சந்தனம், குங்குமம் வச்சி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சி நசுக்குறோம். நல்ல பழக்கம், நானும் செஞ்சவன்தான். ஆனா எலுமிச்சம்பழம் ஒரு தடவை நசுங்கினதோட சரி. அப்புறம் தினமும் பிரேக் பிடிக்க வேண்டியது பேட். அதைப் பார்க்க வேண்டியது நம்ம கடமை. சாமி மேல பாரத்தைப் போடலாம், தேய்ஞ்ச பேட் மேல போட முடியாது.

இப்ப பட்டறை வச்சிருக்கிற நம்ம பிள்ளைங்களுக்கு. நிறைய பேர் இந்தப் பதிவைப் படிப்பீங்க. தம்பிங்களா, கை சுத்தமா இருந்தா மட்டும் பத்தாது, கணக்கும் சுத்தமா தெரியணும். சாமானுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவுன்னு தனித்தனியா எழுதுங்க. வேலைக்கு முன்னால படம் எடுத்து அனுப்புங்க, இப்ப எல்லார் கையிலயும் கைப்பேசி இருக்கு. பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லணும்னு நம்ம நாட்டுல 2002-லயே தனி விதிமுறை வந்துடுச்சி. இதைப் பாரம்னு நினைக்காதீங்க. நாளைக்கு யாராவது பழி போட்டா அந்தக் காகிதம்தான் உங்க பக்கம் பேசும்.

நம்ம பக்கமும் ஒண்ணு சொல்லணும். அந்தப் பட்டறை மேசையில ஒரு 555 புத்தகம் திறந்து கிடந்துச்சி. கடன் கணக்கு. தம்பி எனக்குக் காட்டல, தானா கண்ணுல பட்டுச்சி. "கோவில் ஆளுதானே, அடுத்த மாசம் தரேன்"னு போனவங்க பேரு. குழுவுல கோபமா எழுதினவங்க ரெண்டு பேர் பேரும் அதுல இருந்துச்சி. யாருன்னு சொல்ல மாட்டேன். அவங்களே இதைப் படிப்பாங்க, அது போதும்.

உண்மையாவே ஏமாத்தப்பட்டா என்ன செய்றது? வாயை மூடிக்கிட்டு இருங்கன்னு நான் சொல்லல. முதல்ல நேர்ல போய்க் கேளுங்க. அப்புறம் வேற பட்டறையில காட்டி, அவங்க சொல்றதை எழுதி வாங்குங்க. அதுக்கு மேலயும் தீரலன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, 1999-ஆம் வருசத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல வந்தது. 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம். கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டியதில்ல, நாமளே பேசலாம். ஆனா 3 வருசத்துக்குள்ள போகணும், கையில ரசீது இருக்கணும். தீர்ப்பாயத்துல ரெண்டு பக்கமும் பேச விடுவாங்க. புலனக் குழுவுல ஒரு பக்கம் மட்டும்தான். அதுதான் வித்தியாசம்.

தீர விசாரிப்பதே மெய்னு சின்ன வயசுல இருந்து கேட்கிறோம். திருக்குறள்ல 'தெரிந்து தெளிதல்'னு ஒரு அதிகாரமே இருக்கு, 51-ஆவது. ஒருத்தரை எப்படி ஆராய்ஞ்சி நம்பணும்ங்கிறதுதான் அதுல பேச்சு. வீட்டுல பிள்ளைங்களோட உட்கார்ந்து படிச்சிப் பாருங்க. ஆராயாம நம்புறதும் தப்பு, ஆராயாம சந்தேகப்படுறதும் தப்பு. ஒரே அக்காவும், நானும், நாம எல்லாருமா சேர்ந்து ஒரே வாரத்துல ரெண்டையும் செஞ்சிட்டோம்.

அக்கா பெருந்தன்மையா அந்தச் செய்தியை நீக்கிட்டாங்க. தம்பிகிட்ட போன்ல பேசிட்டாங்க. தம்பியும் தனித்தனியா எழுதி ரசீது மாத்திக் கொடுத்துட்டார். அவங்க ரெண்டு பேருக்குள்ள தீர்ந்துடுச்சி.

ஆனா நாற்பது பதில்? அது இன்னும் அப்படியே இருக்கு. ஒருத்தரும் நீக்கல. 740 வெள்ளிக்கு அந்த அக்கா கேட்டதும் கணக்கு வந்துடுச்சி. அந்தப் பிள்ளையோட பேருக்கு நாம யார்கிட்ட கணக்குக் கொடுக்கப் போறோம்?

நான் பட்டறையிலயே அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா"ன்னார். ஆனா வெள்ளிக்கிழமை வருவீங்களான்னு கேட்டதுக்கு, "வேலை இருக்குங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த காடிக்கு அடியில போயிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்கு வேலை இருந்து நான் பார்த்ததே இல்ல.

அதனால நம்ம ஆலய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழுவுல எழுதினவங்க தங்க பதிலை நீக்கிடுங்க. முடிஞ்சா ஒரு வார்த்தை அவருக்குப் போன் பண்ணுங்க. 555 புத்தகத்துல பேரு இருக்கிறவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள போய்த் தீர்த்துடுங்க. உங்க காடியை அவர்கிட்டத்தான் விடணும்னு நான் சொல்லல. அது உங்க விருப்பம். விட்டா, கேள்வி கேட்டு விடுங்க.

வர்ற வெள்ளிக்கிழமை நான் அவரைப் போய்க் கூட்டிட்டு வரப் போறேன். சாம்பார் வாளி அவர் கையிலதான் இருக்கும். யாரும் இலையை மறைக்காதீங்க.

எழுத்துல, பேச்சுல தப்பு இருந்தா பெரியவங்க மன்னிக்கணும். எல்லாரும் பத்திரமா காடி ஓட்டுங்க.

ஓம் சரவணபவ.